ஓர் அந்துக்குப் பெயர் வைப்பது

எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் பலகையை உருவினால் நெல்லுக்கு முன்னால் அந்து வெளியே வரும். அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஊர்களில் நெல்லைக் காயப்போட்டுக் குதிரிலோ பத்தாயத்திலோ கொட்டும்போது நொச்சியிலையையும் வேப்பிலையையும் இடையிடையே போடுவது இதற்காகத்தான். இலை போட்டாலும் சில மாதம் கழித்து, வைக்கோல் நிறத்தில், ஒரு நெல்மணியின் நீளத்தைத் தாண்டாத பூச்சிகள் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆச்சி ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் பரத்திப் பார்த்துவிட்டு, "அந்து விழுந்துட்டு" என்பாள். அந்த மணிகளில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஒரு துளை இருக்கும். உள்ளே அரிசி இராது. ஒரு புழு ஒரே ஒரு நெல்லுக்குள் புகுந்து, அதையே தின்று, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்து வெளியேறியிருக்கும். அதன் பிள்ளைப்பருவம் முழுவதும் ஒரு நெல்மணிக்குள் அடங்கிவிடுகிறது.

அந்தப் பூச்சிக்கு அறிவியலில் சைட்டோட்ரோகா சீரியலெல்லா என்று பெயர். 1789இல் ஒலிவியே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அதை விவரித்தார். ஆங்குமுவா என்ற பிரெஞ்சு மாகாணத்தில் தானியத்தை அழித்ததால் உலகெங்கும் அந்த மாகாணத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. அதன் பின்னிறகை ஒரு கைக்கண்ணாடியில் பார்க்க வேண்டும்: நுனி திடீரென்று விரல்போலக் கூராகி நீண்டிருக்கும், ஓரமெங்கும் இறகின் அகலத்தைவிட நீளமான மயிர்க்குஞ்சம். சின்ன அந்துகள் பலவற்றுக்கும் இந்தக் குஞ்சம் உண்டு. பெயரின் கடைசியில் வரும் 'எல்லா'வுக்கும் ஒரு கதை உண்டு. 1758இல் லின்னேயஸ் அந்துகளைப் பிரித்தபோது, மிகச் சிறியவற்றின் பெயர்கள் 'எல்லா' என்று முடியட்டும், வேறொரு கூட்டத்துக்கு 'ஆலிஸ்' என்று முடியட்டும் என ஓர் ஒழுங்கு வைத்தார். கத்தரிக்காயைத் துளைப்பது ஆர்போனாலிஸ், நெல்லின் இலையைச் சுருட்டுவது மெடினாலிஸ், பத்தாயத்தில் இருப்பது சீரியலெல்லா. பெயரின் வாலைப் பார்த்தே முன்னோர்கள் அதை எந்த வீட்டுப் பிள்ளையாக நினைத்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டம் ஒன்றில் தளிர்விடும் காலத்தில் நுழைந்தால் போதும். இளம் இலையின் மேல் நத்தை ஊர்ந்ததுபோல வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடும். அது இலைமேல் இல்லை. இலையின் மேல்தோலுக்கு அடியில், கண்ணாடித்தாள் போன்ற அந்தத் தோலையும் கிழிக்காமல், ஒரு புழு சாறுள்ள செல்களை மட்டும் தின்றுகொண்டே போன வழி. கோட்டின் நடுவே மெல்லிய கருநூல்போலத் தெரிவது அதன் கழிவு. வளர்ந்து முடிந்ததும் இலையின் விளிம்புக்கு வந்து, விளிம்பைத் தன்மேல் மடித்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. வெளிவரும் அந்து சிறகை விரித்தால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். விவசாயிக்கு அது இலைத்துளைப்பான். அறிவியலுக்கு ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா; கல்கத்தாவிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் விவரித்தது. எலுமிச்சை போகும் இடமெல்லாம் அதுவும் போய், 1993இல் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் வரை சேர்ந்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் பெயர் கிடைத்தது, நம் சோற்றிலும் ஊறுகாயிலும் வாய் வைத்ததால். வாய் வைக்காதவை எத்தனை? உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட செதிற்சிறகுப் பூச்சிகள் சுமார் 1,57,000 என்று 2011இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் எட்டில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் அந்துகள். நமக்கு அவற்றைச் சொல்ல அந்து, விட்டில் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் வண்ணத்துப்பூச்சிகள் 330க்கும் சற்று மேல். அந்தப் பட்டியல் ஏறக்குறைய மூடியாகிவிட்டது. 2023இல் மேகமலையிலிருந்து சிகாரிட்டிஸ் மேகமலையென்சிஸ் என்ற நீலன் வகை வண்ணத்துப்பூச்சி விவரிக்கப்பட்டபோது, இந்த மலைத்தொடரில் 33 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த புது இனம் என்று செய்தியானது. அந்துகளின் கதை நேர்மாறு. அவற்றுக்கு மூடக்கூடிய பட்டியல் ஒன்றே இன்னும் எழுதப்படவில்லை.

பாபநாசத்தில் நின்று மேற்கே பார்த்தால் இதன் காரணம் கொஞ்சம் புரியும். ஆற்றின் கரையில் நெல்லும் வாழையும். அதைத் தாண்டியதும் முட்புதர்க்காடு. மேலே ஏறினால் இலையுதிர்க்காடு. அதற்கும் மேலே காரையாறு, சேர்வலாறு கடந்து, எப்போதும் ஈரம் சொட்டும் பசுமைமாறாக் காடு. பொதிகையின் உச்சி 1,868 மீட்டர். தென்மேற்குப் பருவமழை மலையின் மேல்பகுதியை நனைக்கிறது; கீழே எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. ஒருநாள் நடையில் நான்கைந்து தட்பவெப்பங்கள். ஒவ்வொன்றிலும் வேறு மரம், வேறு செடி. புழு பெரும்பாலும் இலையைப் பார்த்துப் பிறப்பது. ஒரு செடியின் இலையைத் தின்னப் பழகிய புழு அடுத்த செடியைத் தொடாமல் பட்டினி கிடந்து சாகும். ஆகவே செடி மாறும்போது அந்தும் மாறுகிறது. இந்தச் சரிவின் பெரும்பகுதி, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைக்குள் இருக்கிறது. புலியின் பெயரால் காக்கப்பட்ட காட்டில் அந்துகளும் பிழைத்துக்கொண்டன.

2020 அக்டோபரில் இந்தக் காப்பகத்தின் விளிம்புப் பகுதியில், மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தைச் சேர்ந்தவர்களும் வேறு ஆய்வாளர்களும் இரவில் விளக்கு வைத்து அந்துக் கணக்கெடுத்தார்கள். வந்தவற்றில் ஒன்று மிமியூசீமியா சிலோனிகா. ஜார்ஜ் ஹாம்ப்சன் 1893இல் இலங்கையிலிருந்து விவரித்த இனம். அதன்பின் 127 ஆண்டு கழித்து, இந்தியாவில் முதல்முறையாக, இங்கே. இது புது இனமில்லை. அளவிலும் நான் மேலே சொன்னவற்றைப்போல மிகச் சின்னதில்லை. ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் அந்துக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. செய்தித்தாள்கள் அந்துப்பூச்சி திரும்பி வந்துவிட்டதாக எழுதின. அது எங்கும் போயிருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். அந்த 127 ஆண்டு, பூச்சி இல்லாதிருந்த காலத்தைவிட, சரியான இரவில் சரியான இடத்தில் வெள்ளைத்துணி கட்டி உட்கார ஆள் இல்லாதிருந்த காலத்தையே அளக்கிறது.

அந்தப் பெயரிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. சிலோனிகா என்றால் இலங்கைக்குரியது. அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் தம்பபன்னியை அறிஞர்கள் பெரும்பாலும் இலங்கை என்றே கொள்கிறார்கள். கிரேக்கர் தப்ரபேன் என்றது அதைத்தான். எங்கள் ஆற்றின் பெயரும் தாம்பரபரணி. தீவுக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களுக்கு உரியது. காடுகளின் வழக்கு அவ்வளவு சிக்கலானதில்லை. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது. அப்போது அது தரை. பொதிகையிலும் இலங்கையின் ஈரமலைகளிலும் ஒரே குடும்பத்துச் செடிகளும் பூச்சிகளும் இருப்பதற்கு அந்தப் பழைய உறவும் ஒரு காரணம். எனவே இங்கே கிடைக்கும் ஓர் அந்தைப் புதியது என்று சொல்லுமுன் இலங்கையின் பட்டியலைப் புரட்டியாக வேண்டும்.

அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், நம் கரையோரத்திலேயே கதை தொடங்குகிறது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் போன்றவர்கள் கப்பலில் அனுப்பிய பூச்சிகளை டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ் விவரித்தார். தமிழ்நாட்டுப் பூச்சிகள் அறிவியல் நூல்களில் ஏறியது அப்படித்தான். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலை பயிரிட வந்தவர். அந்துகளில் மனம் போய், ஊர் திரும்பி அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துவிட்டார். 1891இல் நீலகிரி அந்துகள், 1893இல் இலங்கை அந்துகள், 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்திய அந்துகள் பற்றி நான்கு தொகுதிகள். இன்றும் இந்தியாவில் ஓர் அந்தை அடையாளம் காண முயல்பவர் கை முதலில் போவது அந்த நான்கு தொகுதிகளுக்குத்தான். இறக்கை நரம்புகளின் ஓட்டத்தைக் கொண்டு அவர் போட்ட வரிசை பல இடங்களில் மாறிவிட்டது; அவர் பார்த்துப் பார்த்து எழுதியது மாறவில்லை.

மிகச் சிறிய அந்துகளுக்கு ஒரு மனிதர் தனியாக நின்றார். எட்வர்ட் மேரிக், இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர். 1854இல் பிறந்து 1938இல் மறைந்த அவர் 14,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தார். பழனிமலை, குடகு, கார்வார், கோயம்புத்தூர், இலங்கையின் மஸ்கெலியா ஆகிய இடங்களிலிருந்து காகிதப் பெட்டிகளில் வந்த பூச்சிகளை அவர் கைக்கண்ணாடியில் பார்த்து, சில வரிகளில் விவரித்து, அடுத்ததற்குப் போனார். நுண்ணோக்கியில் பூச்சியை அறுத்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. படமும் பெரும்பாலும் கிடையாது. அவர் எழுதிய அந்தச் சில வரிகளைப் படித்துவிட்டு எதிரே இருக்கும் பூச்சி அதுதானா என்று முடிவுசெய்வது பல நேரம் இயலாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். 'வெளிறிய காவி, கரும்பழுப்புத் தூவல்' என்றால் பொதிகையில் பாதி அந்துகள் அப்படித்தான். அவர் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேட்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் அவற்றுள் முக்கியமானவற்றை அறுத்துப் படமெடுத்து 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட பிறகுதான் மேரிக்கின் பெயர்கள் பலவற்றுக்கு உருவம் கிடைத்தது. குறை சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அவர் வைத்த பெயர்கள் இல்லாவிட்டால், இந்தியாவின் சின்ன அந்துகளில் பெரும்பகுதி இன்றும் பெயரற்றே கிடந்திருக்கும்.

மேரிக்குக்குப் பூச்சி அனுப்பியவர்களில் பெயின்பிரிட்ஜ் ஃப்ளெட்சர் முக்கியமானவர். கோயம்புத்தூரில் சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்து, 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி நூல் எழுதியவர். அவர் வழியில் வந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இல் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளுக்குக் கையேடு தந்தார். முருங்கைப் பூமொட்டைத் துளைக்கும் நூர்டா மோரிங்கே என்ற அந்துக்கு டாம்ஸ் என்பவர் பெயர் வைத்தது 1938இல். முருங்கை எவ்வளவு காலமாக நம் கொல்லையில் நிற்கிறது!

இனி, ஒரு புது அந்து எப்படிப் புதியதாகிறது என்பதற்கு வருகிறேன்.

அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு. மழை பெய்து ஓய்ந்து, காற்றில்லாமல் புழுக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மரங்களுக்கு இடையே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, முன்னால் பாதரச ஆவி விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். அரைமணியில் வேட்டி நிறைந்துவிடும். பூச்சி விளக்கை விரும்பி வருகிறது என்பது நம் பழைய நம்பிக்கை; காதலுக்கும் பக்திக்கும் அதை உவமையாக்கியவர்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. 2024இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் தந்தது. அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, பறக்கும் பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இரவில் வானம்தான் வெளிச்சமான பக்கம். முதுகை அதற்குக் காட்டினால் உடல் நேராக இருக்கும். பக்கத்தில் விளக்கு ஒன்று வந்துவிட்டால் அந்தக் கணக்கு பிழைத்து, விளக்குக்கு முதுகைக் காட்டிச் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது. வேட்டியில் வந்து விழுபவை வழி தவறியவை.

பெரிய அந்துகளைப் படமெடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். சின்னவற்றைப் படத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ஒன்றிரண்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு இதில் சங்கடம் இல்லாமல் இல்லை. ஆனால் அடையாளம் காணப்படாத இனத்தைக் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு என்னிடம் வேறு பதில் கிடையாது. எடுத்ததை அன்றே, உடல் விறைக்குமுன், முடியைவிடச் சற்றே தடித்த துருப்பிடிக்காத நுண்ணூசியில் குத்தி, பள்ளம் வெட்டிய பலகையில் சிறகை விரிக்க வேண்டும். மூச்சு பட்டாலே செதில் பறக்கும். செதில் போனால் நிறம் போயிற்று; குஞ்சம் ஒடிந்தால் அடையாளம் போயிற்று. மலைமேல் முகாமிட்டால் ஒரே இரவில் எறும்பு வந்து உடலைத் தின்றுவிட்டுச் சிறகை மட்டும் விட்டுவைக்கும். தப்பியதில் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்தபின் ஊசியின் கீழ் ஒரு துண்டுச்சீட்டு: ஊர், உயரம், தேதி, எடுத்தவர் பெயர். சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் அறிவியலுக்குப் பயன்படாது.

பிறகு மேசை வேலை. இறக்கை நரம்பைப் பார்த்துக் குடும்பத்தையும் பேரினத்தையும் ஊகிக்கலாம். அதற்கப்பால் போக வயிற்றை அறுக்க வேண்டும். பூச்சியின் வயிற்றுப்பகுதியை மெல்ல ஒடித்து எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். தசையும் கொழுப்பும் கரைந்து, கரையாத கைட்டின் ஓடு மட்டும் நிற்கும். அதைச் சாராயத்தில் கழுவி, மெல்லிய தூரிகையால் செதில்களை நீக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்புகிறார்கள். ஆணின் வயிற்று நுனியில் இரண்டு கைகளைப் போன்ற கவ்விகள், மேலே ஒரு கொக்கி, நடுவே ஒரு குழல். பெண்ணுக்குள் ஒரு பை, சில இனங்களில் அந்தப் பையின் சுவரில் பல்போன்ற ஒரு தகடு. வெளியே ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு பழுப்பு அந்துகளில் இந்த உறுப்புகள் முற்றிலும் வேறாக இருக்கும். பூட்டுக்கேற்ற சாவி என்று 19ஆம் நூற்றாண்டில் இதற்கு விளக்கம் சொன்னார்கள். இணையைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் போட்டியே இந்த வேறுபாட்டை வேகப்படுத்துகிறது என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். விளக்கம் எதுவானாலும், சின்ன அந்துகளின் அடையாள அட்டை அங்கேதான் இருக்கிறது. மேரிக் பார்க்க மறுத்ததும் அதைத்தான். 4 மில்லிமீட்டர் பூச்சியின் வயிற்றை இப்படி அறுத்து விரிப்பவரின் விரல் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

இதற்குத் துணையாக மரபணு வந்தது. 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட், செல்லின் மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டை எல்லா விலங்குகளுக்கும் பட்டைக்குறியாகப் பயன்படுத்தலாம் என்றார். ஒரு காலை ஒடித்து அனுப்பினால் போதும். வெளியே ஒன்றாகத் தெரிந்த பல இனங்கள் இதனால் பிரிந்தன. மரபணு மட்டுமே போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒப்பிட ஒரு பழைய எழுத்துவரிசை இருந்தால்தானே 'இது வேறு' என்று சொல்ல முடியும்? 1905இல் பழனிமலையில் பிடித்துக் காய்ந்துபோன ஒரு பூச்சியிடமிருந்து அதை எடுப்பது இப்போதும் கடினம். மரபணு கேள்வியைக் கூர்மையாக்குகிறது. பதிலுக்கு நாம் மறுபடியும் ஊசியில் குத்திய பழைய பூச்சியிடமே போகிறோம்.

அந்தப் பழைய பூச்சிதான் முழு வேலையிலும் நெடுநாள் பிடிப்பது. ஓர் இனத்தை விவரிக்கும்போது ஒரே ஒரு பூச்சியை இதுவே இந்தப் பெயரின் சாட்சி என்று குறிக்க வேண்டும், அது மூலமாதிரி. வழக்கமாக அதற்குச் சிவப்புச் சீட்டு. 2000 முதல் விலங்குப் பெயரிடல் விதிகள் சாட்சி மாதிரியைக் குறிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. பெயரைப் பற்றி எத்தனை ஆண்டு கழித்துச் சண்டை வந்தாலும் அந்த ஒற்றைப் பூச்சி சொல்வதே தீர்ப்பு. நம் மலைகளின் பழைய மூலமாதிரிகள் பெரும்பாலும் லண்டனில். சிலவற்றின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வயிற்றுக்குள் இருப்பது படத்தில் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் பிடித்த ஒரு பூச்சி புதியதா என்று அறிய, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஓர் இழுப்பறை திறக்கப்பட வேண்டியிருக்கிறது. பிடிப்பது ஓர் இரவு. புதியது என்று எழுதுவதற்குப் பல ஆண்டுகள். பொதிகையின் சின்ன அந்துகள் பெயரில்லாமல் கிடப்பதற்குக் காட்டின் அடர்த்தியைவிட இந்த இடைவெளியே பெரிய காரணம் என்பது என் துணிபு.

விவரிப்பு என்பது எப்படியிருக்கும் என்று பார்க்க, பழகிய இலைத்துளைப்பானையே எடுத்துத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'தலை வெண்மை, பளபளப்பு. முன்னிறகு குறுகியது, வெள்ளிவெண்மை. அடியிலிருந்து நீளவாக்கில் காவிப்பழுப்புக் கோடுகள். நடுவுக்கு அப்பால் குறுக்குக்கோடு. நுனியில் தெளிவான ஒரு கரும்புள்ளி. பின்னிறகு ஈட்டி வடிவம், வெண்மை, குஞ்சம் நீளம்.' மூன்று வரிக்கு ஒரு பகல் போயிற்று. வெள்ளி என்பதா, வெண்மை என்பதா? கோடு என்பதா, பட்டை என்பதா? தலையில் தொடங்கி, மார்பு, முன்னிறகு, பின்னிறகு, வயிறு, ஆண் உறுப்பு, பெண் உறுப்பு என்று வரிசை மாறாமல் போக வேண்டும். நெருங்கிய உறவினங்களிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று தனியே சொல்ல வேண்டும். நூறாண்டு கழித்து, நாம் பார்த்திராத ஒருவர், நாம் பார்த்திராத இன்னொரு பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரிகளைப் படிப்பார். அவருக்காக எழுதப்படும் உரைநடை இது. நம் மொழியில் இதற்குச் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. நெல்லின் நிறத்துக்கும் மாட்டின் நிறத்துக்கும் நம் சம்சாரிகள் வைத்திருக்கும் சொற்களைச் சேர்த்தாலே ஓர் அந்து நூல் எழுதலாம்.

பெயர் வைப்பதுதான் கடைசி, அதுவே சுலபம். பேரினப் பெயரோடு இலக்கணம் பொருந்த வேண்டும். வேறு எவரும் அதே பேரினத்தில் அந்தப் பெயரை வைத்திருக்கக் கூடாது. மேகமலையென்சிஸ் போல ஊரின் பெயர் வைக்கலாம், தின்னும் செடியின் பெயர் வைக்கலாம். அச்சில் வெளியாகும் நாளே அந்த இனத்தின் பிறந்தநாள். இணைய இதழ் என்றால் 2012 முதல், ஸூபேங்க் என்ற பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டமும் உண்டு: புதிய இனம் கண்டவர் அதை அரசு குறித்த காப்பகத்துக்கு அறிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். ஹாம்ப்சன் காலத்துப் பெட்டிகள்போல இனி எல்லாம் கப்பலேறாது என்பதில் எனக்கு நிறைவு உண்டு.

ஒரு பெயர் தவறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குத் தென்னந்தோப்பைக் காட்டலாம். ஓலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, தோப்பையே தீய்ந்ததுபோலாக்கும் கருந்தலைப்புழுவின் அந்துக்கு 1905இல் மேரிக் நெஃபான்டிஸ் செரினோபா என்று பெயர் வைத்தார். பல பத்தாண்டுகள் விவசாய நூல்கள் அப்படியே எழுதின. அதே பூச்சிக்கு வாக்கர் என்பவர் 1864லேயே ஓபிசினா அரினோசெல்லா என்று பெயர் வைத்திருந்தது பின்னால் தெரிந்தது; மூத்த பெயரே செல்லும் என்பது விதி. மேரிக்கின் பெயர் விலகியது. அந்தப் புழுவை அழிக்கத் தோப்புகளில் விடப்படும் ஒட்டுண்ணிக் குளவியோ கோனியோசஸ் நெஃபான்டிடிஸ். எதிரியின் பெயர் மாறியும், குளவி பழைய பெயரையே சுமந்து திரிகிறது.

கத்தரிக்காய்த் துளைப்பானின் கதை இதைவிடப் பெரியது. லியூசினோடெஸ் ஆர்போனாலிஸ் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது என்று நெடுங்காலம் எல்லோரும் எழுதிவந்தார்கள். 2015இல் ஆப்பிரிக்கப் பூச்சிகளை அறுத்தும் மரபணு பார்த்தும் ஆராய்ந்தவர்கள், அவை வேறு இனங்கள், பலவற்றுக்குப் பெயரே இல்லை என்று காட்டினார்கள். ஒரு கண்டம் முழுவதும் வேறொரு பூச்சியின் பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது. இது ஏட்டுச் சண்டையில்லை. ஆண் அந்தை ஏமாற்றிப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இனத்துக்கு இனம் வேறு. பெயர் தவறினால் பொறி காலியாகவே தொங்கும். பெரு நாட்டில் ஹுவான்காயோ என்ற மலையூரில் கிடைத்த ஒரு சாம்பல்நிறச் சின்ன அந்துக்கு 1917இல் மேரிக் அப்சொலூட்டா என்று பெயர் வைத்தார். அது என்ன தின்னும், யாரைக் கெடுக்கும் என்பதெல்லாம் அந்தச் சில வரிகளில் இல்லை. 2014இல் அதே பூச்சி மகாராஷ்டிரத் தக்காளியில் இறங்கியது. பின் தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்தது. வந்தது யார் என்று நூறாண்டுப் பழைய அந்தப் பெயரைக் கொண்டு உடனே சொல்ல முடிந்தது. பொறியும் ஏற்கெனவே தயாராக இருந்தது.

மலைமேல் இப்போது ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தேயிலைத் தோட்டங்களில் 2024இல் வேலை நின்றது. தலைமுறைகளாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மலையிறங்க வேண்டிய நிலை வந்தது. அவர்களுடைய வேதனையை இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியில் அடக்குவது சரியாகாது. தேயிலை வளர்ந்து காடாகும்போது எந்த மரங்கள் முதலில் வரும், அவற்றோடு எந்த அந்துகள் திரும்பும் என்பதை அருகிலிருந்து பார்க்க இப்படியொரு வாய்ப்பு எளிதில் வராது. காக்காச்சியின் மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை எவை என்று மரமரமாக ஆராய்ந்த கட்டுரை 2003இல் வெளியானது. தேனீக்களோடும் வண்டுகளோடும் அந்துகளும் அதில் வருகின்றன. இரவில் வெள்ளையாய் மலர்ந்து மணக்கும் பூக்கள் எங்கள் மலையில் குறைவில்லை. அவற்றுக்கு வந்துபோகும் சின்னவற்றின் பெயர் என்ன என்று கேட்டால், பலவற்றுக்கு விடை 'ஒரு பழுப்பு அந்து' என்பதோடு நிற்கிறது.

இதற்கு லண்டன் போகாமலே இங்கிருந்து செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மேரிக்கின் பெட்டிகளில் வந்தவை பெரும்பாலும் சிறகு முளைத்தவை. புழு எந்த இலையில் இருந்தது என்று பல நேரம் அனுப்பியவருக்கே தெரியாது. ஓர் அந்தின் வாழ்வில் பெரும்பகுதி புழுவாகக் கழிகிறது. அதைக் காண மூலமாதிரி வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், காட்டு அனுமதியும் வேண்டாம். வரப்போரச் செடியில் கோடு விழுந்த இலையைப் பறித்து, ஒரு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினமும் பார்க்க வேண்டும். இலை வாடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் அந்து வந்தாலும் வரும். பல நேரம் அந்துக்குப் பதிலாக அதைத் தின்று வளர்ந்த குளவி வரும், அதுவும் ஒரு செய்திதான். இந்த ஐப்பசியில் எங்கள் கொல்லை நொச்சியில் அப்படி ஒரு கோடு விழுந்திருந்தது. பாட்டிலின் மேல் ஒட்ட ஆங்கிலத்தில் சீட்டு எழுத எடுத்த பேனாவைத் திருப்பி, தமிழிலேயே எழுதினேன்: நொச்சி, இலையின் மேல்புறம், ஆற்றங்கரையிலிருந்து 200 அடி. தேதி போட்டுத் துணியைக் கட்டினேன். நேற்றுக் காலையில் பார்த்தபோது கோடு ஓர் இலையளவு நீண்டிருந்தது. புழு இன்னும் உள்ளேதான் இருந்தது.